வீடு மாறும் மின்னஞ்சல்கள்

மருதமுனையில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் புதிதல்ல. காலையில் கண்விழிப்பதும் அதைக் கேட்டுத்தான், பின்னேரம் பாடம் படிப்பதும் அதைக் கேட்டுக்கொண்டுதான். அதனால் கடந்த டிசம்பர் விடுமுறையில் எங்கள் முன்னறையில் இருந்த பழைய கணினி "டக், டக்" என்று சத்தமிடத் தொடங்கியபோது இரண்டு மூன்று நாட்கள் யாரும் கவனிக்கவில்லை. உம்மாதான் முதலில் சொன்னார்: "மகள், இந்தப் பெட்டிக்குள்ளயும் ஆரோ தறி அடிக்கிற மாதிரிக் கேக்குது. ஒருக்காப் பாரு."

அது வன்தட்டின் சத்தம். வன்தட்டினுள்ளே தட்டுகள் வேகமாகச் சுழல, வாசிக்கும் தலை அவற்றின் மேல் அங்குமிங்கும் அசையும். அது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது இப்படிச் சத்தம் வரும். நோயாளி முனகுவது போன்ற அறிகுறி அது.

எங்கள் வாப்பா கைத்தறித் தொழில் செய்பவர். கொழும்பிலும் கண்டியிலும் உள்ள கடைகளிலிருந்து சாரி, சாரம், திரைச்சீலை என்று அவருக்குக் கட்டளைகள் மின்னஞ்சலில் வரும். எந்த நிறம், எத்தனை முழம், என்ன விலை, எப்போது தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் அந்தக் கடிதங்களில்தான் இருக்கின்றன. 2015 இலிருந்து ஒன்பது வருடக் கடிதங்கள். வேறு கணக்குப் புத்தகம் வாப்பாவிடம் இல்லை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது மூத்தவாப்பாவின் தறிகளோடு அவருடைய கணக்குப் புத்தகங்களும், வடிவங்களை வரைந்து வைத்த கொப்பிகளும் போயின. நான் அப்போது பிறக்கவில்லை. "கடதாசி தண்ணிக்குத் தோத்துப் போகும்" என்று வாப்பா சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்தேன். கணினியில் இருந்தால் பத்திரம் என்று அவர் நம்பினார். கணினியும் ஒரு கொப்பிதான், அதுவும் எங்களிடம் இருந்தது ஒரேயொரு கொப்பி என்பது அந்த "டக், டக்" சத்தத்தோடுதான் எங்களுக்கு விளங்கியது.

திருத்துபவர் ஒருவருக்கு வாப்பா தொலைபேசியில் பேசினார். "கொண்டு வாங்க, ஃபோர்மட் பண்ணிப் புதிசாத் தாறன்" என்றார் அவர். நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிப்பவள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஃபோர்மட் செய்தால் கணினி புதிதாகும், உள்ளே இருப்பவையோ இல்லாமற் போகும். "வாப்பா, ரெண்டு நாள் பொறுங்க" என்று கெஞ்சினேன். அந்த இரண்டு நாட்களில் நான் கற்றுக்கொண்டதையே தோழியரே, உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடிதம் எங்கே இருக்கிறது?

காக்கா கட்டாருக்குப் போகும்போது விட்டுச்சென்ற மடிகணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளை நிறுவினேன். பழைய கணினியில் வாப்பா பயன்படுத்தியதும் அதுதான். முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். கடிதங்கள் வரத் தொடங்கின. எனக்குப் பெருமையாக இருந்தது. வாப்பா வந்து பார்த்துவிட்டு, "மகள், மத்ததெல்லாம் எங்க?" என்றார். வந்திருந்தவை கடைசி 14 நாட்களின் கடிதங்கள் மட்டுமே.

ஏன் அப்படி? இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971 இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கினார். பயனர் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவே இன்று நாம் இடும் சுழித்த "அட்" குறியைத் தெரிவுசெய்தவரும் அவரே. கடிதம் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறை 1982 இல் வெளியானது. வந்த கடிதத்தைச் சேவையகத்திலிருந்து எடுப்பதற்கு இரண்டு நெறிமுறைகள் தோன்றின.

முதலாவது பொப், 1984 இல் வந்தது. இது தபாற்கந்தோருக்குப் போய்க் கடிதத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது போன்றது. தொலைபேசி இணைப்பில் சில நிமிடங்கள் மட்டுமே இணையம் கிடைத்த காலத்தில் அது நல்ல ஏற்பாடு. இணைத்து, கடிதங்களை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆறுதலாக வாசிக்கலாம். ஆனால் இறக்கிய கடிதம் சேவையகத்திலிருந்து நீங்கிவிடும், அல்லது நாம் அமைப்பில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டுமே அங்கு தங்கும். வாப்பாவின் கணக்கில் அது 14 நாட்கள் என்று இருந்தது.

இரண்டாவது ஐமேப். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986 இல் இதை வடிவமைத்தார். இதில் கடிதங்கள் சேவையகத்திலேயே இருக்கும். நாம் எந்தக் கணினியிலிருந்து பார்த்தாலும் அதே அஞ்சல்பெட்டியைத்தான் பார்க்கிறோம். கணினி பழுதானாலும் கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொரு வேறுபாடு பலருக்குத் தெரியாது. ஐமேப் முறையில் நாம் அனுப்பிய கடிதத்தின் பிரதியும் வழமையாகச் சேவையகத்தில் சேரும். பொப் முறையிலோ அது பெரும்பாலும் அனுப்பிய கணினியில் மட்டுமே இருக்கும். வாப்பா கடைகளுக்கு எழுதிய பதில்கள், ஒப்புக்கொண்ட விலைகள் எல்லாம் அந்த "டக், டக்" பெட்டிக்குள் மட்டுமே இருந்தன.

ஆகவே கணினி மாற்றும் முன் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "என் கணக்கு பொப்பா, ஐமேப்பா?" என்பதுதான். மென்பொருளின் கணக்கு அமைப்புப் பக்கத்தில் சேவையகத்தின் வகை எழுதப்பட்டிருக்கும்.

எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்?

மின்னஞ்சலை மாற்றுவது என்றால் கடிதங்களை மட்டும் மாற்றுவதல்ல. வீடு மாறுவதைப் போன்றது. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தே ஏற்ற வேண்டும்.

1. வந்த கடிதங்களும் அனுப்பிய கடிதங்களும், நாம் பிரித்து வைத்த கோப்புறைகளும்.

2. முகவரிப் புத்தகம்.

3. கணக்கின் அமைப்புகள். உள்வரும் சேவையகத்தின் பெயர், வெளிச்செல்லும் சேவையகத்தின் பெயர், போர்ட் இலக்கங்கள், பயனர் பெயர் ஆகியவை. பாதுகாப்பான இணைப்பில் ஐமேப்புக்கு 993, பொப்புக்கு 995, கடிதம் அனுப்புவதற்கு 587 அல்லது 465 என்பன வழமையான இலக்கங்கள். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது.

4. கடிதங்களைத் தானாகப் பிரிக்கும் விதிகள், கடிதத்தின் அடியில் வரும் கையொப்பம்.

5. சேமித்து வைத்த கடவுச்சொற்கள்.

தண்டர்பேர்டில் இவையனைத்தும் "புரொபைல்" எனப்படும் ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. விண்டோஸில் பயனரின் பெயருள்ள கோப்புறைக்குள் அப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் புரொபைல்ஸ் என்று போக வேண்டும். அப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. அது கண்ணில் படாததால்தான் பலர் "மை டொக்கியுமென்ட்ஸ்" முழுவதையும் பிரதியெடுத்துவிட்டு மின்னஞ்சலும் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். தேடிக் களைக்க வேண்டியதில்லை. மென்பொருளின் ஹெல்ப் பட்டியில் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால் புரொபைல் கோப்புறையை நேரே திறக்கும் பொத்தான் இருக்கிறது.

அதற்குள் பல கோப்புகள் இருக்கும். பிரெப்ஸ் என்ற கோப்பில் கணக்கு அமைப்புகள். ஏபுக் என்பதில் முகவரிகள். மெயில் என்ற கோப்புறையில் பொப் முறையில் இறக்கிய கடிதங்கள். லொகின்ஸ், கீ4 என்ற இரண்டிலும் கடவுச்சொற்கள். ஒன்று பூட்டிய பெட்டி, மற்றது திறப்பு. இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்றதால் பயனில்லை.

பென் ட்ரைவ் கற்பித்த கணிதம்

எங்கள் ஆசிரியையிடம் தொலைபேசியில் ஆலோசனை கேட்டேன். "சத்தம் வாற வன்தட்டைச் சும்மா ஓட விடாதீங்க மகள். புதுசா ஒண்டும் நிறுவவும் வேணாம். முக்கியமானதை முதல்ல எடுங்க" என்றார். அடுத்த நாள் காலையில்தான் கணினியைத் திறந்தேன்.

பிரதியெடுக்கும் முன் தண்டர்பேர்டை மூடினேன். அது திறந்திருக்கும்போது கோப்புகளில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும் பிரதி அரைகுறையாகலாம். பிறகு சிறிய கோப்புகளை முதலில் பென் ட்ரைவில் போட்டேன். அமைப்புகளும் முகவரிகளும் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டன. அடுத்ததாக மெயில் கோப்புறை. "கோப்பு மிகப் பெரியது" என்ற செய்தியோடு பிரதியெடுப்பு நின்றுவிட்டது.

வந்த கடிதங்களெல்லாம் ஒரே கோப்பாக 4.6 ஜீ.பி. இருந்தன. ஒவ்வொரு கடிதத்தோடும் துணிகளின் படங்கள் இருந்ததால் அந்த அளவு. ஆனால் பென் ட்ரைவில் 20 ஜீ.பி.க்கு மேல் இடம் இருந்ததே! வாப்பா பக்கத்தில் நின்று, "இடம் கிடக்குதெண்டு சொல்றாய், ஏலாதெண்டும் சொல்றாய்" என்றார். எனக்கும் அழுகை வரும்போல் இருந்தது.

விடை நாங்கள் வகுப்பில் படித்த பாடத்திலேயே இருந்தது. அநேகமான பென் ட்ரைவ்கள் ஃபெட் 32 என்ற கோப்பு முறைமையில் வருகின்றன. அதில் ஒரு கோப்பின் அளவை எழுதுவதற்கு 32 பிட்டுகள் மட்டுமே உண்டு. 2 இன் 32 ஆம் அடுக்கு 4,294,967,296. அதைவிட ஒன்று குறைவான பைட்டுகள் வரைதான் ஒரு கோப்பு இருக்கலாம், அதாவது 4 ஜீ.பி.க்குச் சற்றுக் குறைவு. அளவுமானியில் நான்கு முழத்துக்கு மேல் கோடு இல்லாவிட்டால் ஐந்து முழத் துணியை எப்படி அளந்து எழுதுவது? இதை இப்படிச் சொன்னதும் வாப்பாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

தீர்வு, பென் ட்ரைவை எக்ஸ்ஃபெட் என்ற முறைமைக்கு ஃபோர்மட் செய்வது. அதற்கு முன் பென் ட்ரைவில் இருந்தவற்றை மடிகணினிக்கு மாற்றினேன். ஃபோர்மட் செய்ததும் அந்த மடிகணினியிலேயேதான். பழைய கணினியில் செய்து, தவறுதலாக வேறு எழுத்தைத் தெரிவுசெய்திருந்தால் நாங்கள் காப்பாற்ற நினைத்ததே அழிந்திருக்கும்.

இரண்டாம் முறை கோப்பு நகரத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பெரும்பாலானவை வந்தன. ஆனால் 2016 இல் அனுப்பிய கடிதங்களின் கோப்பில் வந்து நின்றது. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் வாசிக்க முடியவில்லை என்றே சொன்னது. வன்தட்டின் அந்த இடம் பழுதாகியிருந்தது. அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தேன்.

புதிய கணினியில்

மடிகணினியில் தண்டர்பேர்டை ஒருமுறை திறந்து மூடினால் அது தனக்கென ஒரு புரொபைல் கோப்புறையை உருவாக்கிவிடும். பழைய கோப்புறையை அப்படியே அதற்குள் போடக்கூடாது. பழைய கோப்புறையின் உள்ளே இருப்பவற்றை எடுத்துப் புதிய கோப்புறையின் உள்ளே போட வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையாகப் போட்டால் மென்பொருள் அதைக் காணாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்குப் போவது வழமையானது. எங்கள் பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்ததால் தண்டர்பேர்டின் 115 ஆம் பதிப்புக்கு மேல் அதில் இயங்காது. மடிகணினியில் அதற்குப் பிந்திய பதிப்பு. சிக்கல் எதுவும் வரவில்லை. புதியதிலிருந்து பழையதற்குத் திரும்பப் பார்த்தால்தான் மென்பொருள் மறுக்கும். ஏதேனும் ஒரு கோப்புறையில் கடிதங்களின் பட்டியல் பிழையாகத் தெரிந்தால் அதன் பண்புகளில் உள்ள பழுதுபார்க்கும் பொத்தானை அழுத்தினால் பட்டியல் மீண்டும் தயாராகும்.

திறந்து பார்த்தேன். கோப்புறைகள், முகவரிகள், வாப்பாவின் கையொப்பம்கூட இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்த்தேன். பொப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது, புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். பழைய கடிதங்களைக் கணினியிலுள்ள தனிக் கோப்புறைகளுக்கு மாற்றி, அவை அங்கே வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்திய பின்னரே பொப் கணக்கை நிறுத்தினேன்.

வேறு மென்பொருள் பாவிப்போருக்கு

பழைய வகை அவுட்லுக் பாவிப்பவர்கள் ஃபைல் பட்டியில் உள்ள ஏற்றுமதி வசதியால் பி.எஸ்.டி. என்ற கோப்பாகக் கடிதங்களையும் முகவரிகளையும் எடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பில் கணக்கு அமைப்புகளும் கடவுச்சொற்களும் வராது. அவற்றைக் குறித்து வைத்துப் புதிய கணினியில் மீண்டும் பதிய வேண்டும்.

ஜீமெயிலை உலாவியில் பார்ப்பவர்களுக்கு மாற்ற வேண்டியது எதுவுமில்லை, கடிதங்கள் சேவையகத்தில் இருக்கின்றன. ஆனாலும் கடவுச்சொல் மறந்துபோனாலோ கணக்கு பிறர் கைக்குப் போனாலோ அவையும் போய்விடும். கூகுள் டேக்அவுட் என்ற சேவையால் கடிதங்கள் அனைத்தையும் ஒரு பிரதியாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி உம்மாவின் அலுமாரியில் வைத்துவிடுங்கள். தொலைபேசி தொலைந்த நாளில்தான் அதன் அருமை தெரியும்.

கடவுச்சொல்லும் ஓர் அமானிதம்

பென் ட்ரைவில் புரொபைலை எடுத்தபோது ஒன்று என்னை உறுத்தியது. அதை யாராவது எடுத்துத் தங்கள் கணினியில் போட்டால் வாப்பாவின் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசிக்கலாம், அவர் பெயரில் எழுதவும் செய்யலாம். பிரதான கடவுச்சொல் ஒன்றை வைத்தால் சேமித்த கடவுச்சொற்களாவது பூட்டப்படும். இறக்கி வைத்த கடிதங்களுக்கு அந்தப் பூட்டு இல்லை. ஆகவே பிரதி இருக்கும் பென் ட்ரைவை வீட்டுத் திறப்பைப் போலவே பேண வேண்டும்.

பழைய கணினியைத் திருத்தவோ விற்கவோ கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. ஒரு கோப்பை அழித்தால் பெரும்பாலும் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்கும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கத்தை மீட்டெடுக்க வழியுண்டு. எங்கள் கடிதங்களிலும் படங்களிலும் நம்மைப் பற்றி மட்டுமல்ல, நம்மை நம்பி எழுதியவர்களைப் பற்றியும் இருக்கிறது. அது நம்மிடமுள்ள அமானிதம். பெண்பிள்ளைகளாகிய நாம் இதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். எங்கள் பழைய கணினியைக் கொடுக்கும் முன் வன்தட்டைக் கழற்றி நாங்களே வைத்துக்கொண்டோம்.

இழந்ததும் கிடைத்ததும்

2016 இன் கடிதங்கள் வரவில்லை என்று சொன்னபோது வாப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் காரணத்தைச் சொன்னார். மூத்தவாப்பா 2017 இல் வபாத்தானார். அதற்கு முந்திய வருடம், கண் மங்கிய நிலையிலும், கடலோடு போன வடிவங்களில் நினைவில் நின்றவற்றை வரைபுத் தாளில் கட்டம் கட்டமாக மீண்டும் வரைந்திருக்கிறார். வாப்பா அவற்றைப் படமெடுத்துக் கொழும்புக் கடையொன்றுக்கு அனுப்பியிருக்கிறார். தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. படங்கள் அந்தக் கோப்பில்தான் இருந்தன.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியும்போது ஒரு யோசனை தோன்றியது. அனுப்பிய கடிதத்துக்கு இன்னொரு பிரதி உண்டே, பெற்றவரின் பெட்டியில்! வாப்பா அந்தக் கடைக்காரருக்குப் பேசினார். அவர் ஐமேப் பாவிப்பவரோ என்னவோ, பழையவற்றை அழிக்காதவர். இரண்டு நாட்களில் 11 படங்களைத் திருப்பி அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ். வாப்பா சொன்ன கணக்கில் பாதிக்கும் குறைவு. மற்றவை இனி வராது.

காப்புப் பிரதிகள் பற்றி 3, 2, 1 என்றொரு விதி உண்டு. பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். அந்த 11 படங்களைக் காப்பாற்றியது எங்கள் புத்தியல்ல, தற்செயலாக வேறு இடத்தில் இருந்த அந்த ஒரு பிரதிதான். இப்போது வாப்பாவின் கடிதங்கள் மடிகணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் மாமி வீட்டில் ஒரு பென் ட்ரைவில் ஒன்று என்று இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவற்றைப் புதுப்பிப்பது என் வேலை. பிரதியெடுத்ததோடு விடுவதில்லை, ஒரு கடிதத்தையாவது திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கணினி இருக்கும். அதில் வாப்பாவின் கணக்கோ, ராத்தாவின் கல்யாணப் படங்களோ, தூர தேசத்திலிருக்கும் காக்காவின் கடிதங்களோ இருக்கும். அது சத்தமிடும் வரை காத்திருக்காதீர்கள். இந்த இதழை மூடி வைத்துவிட்டுப் போய், உங்கள் கணக்கு பொப்பா, ஐமேப்பா என்று முதலில் பாருங்கள்.

அந்த 11 வடிவங்களில் ஒன்றில் இப்போது எங்கள் தறியில் பாவு ஏற்றியிருக்கிறது. பச்சைக் கரை, நடுவே சிறு சிறு கட்டங்கள். மூத்தவாப்பா வரைந்த கட்டங்களை எண்ணி எண்ணி வாப்பா நெய்கிறார்.